எல்லையோரத்துச் சின்னக் கல்லூரியில் மாணவர் வாழ்க்கை என்று ஒன்று இருக்குமா?

கேட்டிருப்பவர் வேலந்தாவளம் பக்கத்து மாணவி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் ஒரு சின்ன அரசுக் கல்லூரியில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. கோவையில் தனியார் கல்லூரியில் படிக்கும் மாமன் மகள், "அங்க போனா பஸ்ஸு, கிளாஸு, வூடுன்னே காலம் போயிரும்" என்று சொல்லிவிட்டாளாம். கலைவிழா, நட்பு வட்டம், போட்டி எல்லாம் அங்கே உண்டா? மலையாளம் சரளமாக வராததால் ஒதுக்கிவிடுவார்களா? கேரளத்துக் கல்லூரி என்றால் அரசியல் என்கிறார்களே, பயப்பட வேண்டுமா? இதுதான் கேள்வி.

எல்லாம் உண்டு அம்மிணி. மாமன் மகள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி பஸ். அதற்கு அப்புறம் வருகிறேன். நானும் இந்தத் தாலுக்காவில் படித்தவன்தான், இப்போது இதே பக்கத்தில் பாடம் நடத்துகிறேன், என்எஸ்எஸ் எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கைக் கணக்கு. நாலாயிரம், ஐயாயிரம் பேர் படிக்கிற கல்லூரியில் கல்ச்சுரல்ஸ் என்றால் பெரிய மேடை, லைட்டு, சவுண்டு, சினிமாக்காரர் எல்லாம் இருக்கும். அதில் உங்கள் மாமன் மகள் பெரும்பாலும் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருப்பாள். ஐந்நூறு, அறுநூறு பேர் படிக்கிற கல்லூரியில் கைதட்டவே ஆள் போதாது, ஏதாவது ஒன்றுக்கு மேடையேற்றித்தான் விடுவார்கள். இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோழிக்கோடு பல்கலைக்கழகத்துக்குக் கீழே இருக்கும் கல்லூரிகளில் மாணவர் யூனியன் பதவிகள் கல்லூரியின் அளவைப் பார்த்துப் பெரிதாகக் குறைவதில்லை. சேர்மன், பெண்களுக்கென்றே உள்ள வைஸ் சேர்மன், செக்ரட்டரி, ஜாயின்ட் செக்ரட்டரி, ஃபைன் ஆர்ட்ஸ் செக்ரட்டரி, ஸ்டூடன்ட் எடிட்டர், விளையாட்டுக்கு ஜெனரல் கேப்டன், ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு ரெப், ஒவ்வொரு துறைக்கும் ஒரு அசோசியேஷன் செக்ரட்டரி. பெரிய கல்லூரியிலும் ஏறக்குறைய இவ்வளவுதான், சின்னக் கல்லூரியிலும் ஏறக்குறைய இவ்வளவுதான். அது போக என்எஸ்எஸ், அணிகள், கிளப்புகள். மொத்தப் பேரையும் பொறுப்புகளையும் வைத்து ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். மூன்றாம் ஆண்டு முடிக்கிற வரை ஒரு பொறுப்பும் தலையில் விழாமல் தப்பிப்பதுதான் இங்கே சிரமம்.

சரி, பஸ். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் டே ஸ்காலர்கள். மூன்றரைக்கோ நான்குக்கோ பெல் அடித்ததும் கல்லூரி காலியாகிவிடும். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. அதனால் நகரத்துக் கல்லூரி மாதிரி சாயங்காலம் ஆறு மணி வரை உட்கார்ந்து ரிகர்சல், ஏழு மணிக்குக் காபி என்கிற வாழ்க்கை இங்கே கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் இன்னும் கெடு. அதுவும் இந்த ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டருக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், டிரைவருக்கு உங்கள் சித்தப்பாவைத் தெரியும். யாரோடு எந்த ஸ்டாப்பில் நின்று பேசினீர்கள் என்பது உங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகையால் எல்லாக் காரியமும் மத்தியான இடைவேளைக்குள் நடக்கிறது. அதிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் முக்கியம். ஜும்மா தொழுகைக்காக இங்கே பல கல்லூரிகளில் வெள்ளியன்று உணவு இடைவேளை நீளமாக இருக்கும். நாடக ஒத்திகை, குழுப்பாட்டுப் பயிற்சி, மன்றக் கூட்டம், யூனியன் மீட்டிங் எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். வெள்ளி மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வகுப்புத் தோழிகளோடு மரத்தடிக்குப் போய்விடுகிறவர்களுக்குக் கல்லூரியில் என்ன நடக்கிறது என்றே கடைசி வரை தெரியாது. நீங்கள் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டு ஆடிட்டோரியம் பக்கம் போங்கள். ஆடிட்டோரியம் இல்லாத கல்லூரி என்றால் பெரிய வகுப்பறை ஒன்றில் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு ஏதாவது நடந்துகொண்டிருக்கும்.

பஸ் நேரமும் ஒரு மாணவர் வாழ்க்கைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் ஒரே பஸ்ஸில் ஒரே ஸ்டாப்புகளில் ஏறுகிற கூட்டம், துறை வேறு ஆண்டு வேறு என்றாலும், சேர்ந்த இரண்டாவது மாதத்தில் ஒரு கட்சியாகிவிடும். தேர்தல் வந்தால் 'மீனாட்சிபுரம் பஸ் ஓட்டு', 'கொழிஞ்சாம்பாறை பஸ் ஓட்டு' என்று கணக்குப் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தேர்தல் என்றதும் உங்கள் பயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுப் பக்கத்தில் பல கல்லூரிகளில் மாணவர் தேர்தலே நடப்பதில்லை, அதனால் அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிய கலவரம் மாதிரித் தெரியும். எஸ்எஃப்ஐ, கேஎஸ்யூ, எம்எஸ்எஃப், ஏபிவிபி என்று மாணவர் அமைப்புகளின் கொடிகள் கட்டியிருக்கும். கோஷம் இருக்கும். சில நாள் ஸ்டிரைக் என்று வகுப்பு நடக்காது. சண்டை வந்ததே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கேரளத்தில் சில பெரிய கல்லூரிகளில் நடந்தவை பத்திரிகையில் வந்தவை, எல்லோரும் அறிந்தவை. ஆனால் ஒருவரை ஒருவர் ஊர், வீடு, தாத்தா பெயர் வரை அறிந்த சின்னக் கல்லூரியில் அந்த அளவுக்குப் போவது குறைவு. காலையில் எதிரெதிரே கோஷம் போட்டவர்கள் சாயங்காலம் ஒரே பஸ்ஸில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இந்தத் தேர்தலுக்கு விதிகள் இருக்கின்றன, அவை என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி பட்டப்படிப்பு மாணவர் போட்டியிட வயது 17 முதல் 22 வரை. வருகைப் பதிவு 75 சதவீதமாவது வேண்டும். போட்டியிடுகிற ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். இந்தக் கடைசி விதியின் புண்ணியத்தில் சின்னக் கல்லூரிகளில் தேர்தலுக்கு முந்தைய வாரம் பெரிய கலைக்கூடமாகிவிடும். சார்ட் பேப்பர், பழைய வேட்டித் துணி, பெயின்ட் டப்பா, தரையில் மண்டியிட்டு எழுதுகிற கூட்டம். நன்றாக எழுதத் தெரிந்தவனுக்கு எல்லாக் கட்சியிலும் மரியாதை. நம் பகுதியில் தமிழிலும் எழுதியாக வேண்டும், ஓட்டு இருக்கிறதல்லவா? தமிழ்ப் போஸ்டருக்கு ஆள் தேடி வருகிறபோது நீங்கள் தூரிகையைப் பிடித்தால் போதும், கொடியைப் பிடிக்க வேண்டியதில்லை. கட்சியில் சேராமலே ஒதுங்கி நின்று ஓட்டு மட்டும் போடுகிறவர்களும் நிறைய. யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். வற்புறுத்துவார்கள், அது வேறு. சிரித்துக்கொண்டே "நோக்காம் சேட்டா" (பார்க்கலாம் அண்ணா) என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள்.

வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடையில் பேசுகிற கூட்டத்தை மட்டும் தவற விடாதீர்கள். பதினெட்டு வயதுப் பையன் கழிப்பறைத் தண்ணீர்ப் பிரச்சினையிலிருந்து மத்திய அரசின் கல்விக் கொள்கை வரை ஒரே மூச்சில் பேசுவதை வேறு எங்கே கேட்க முடியும்? கேள்வி கேட்கவும் விடுவார்கள். எழுந்து, "லேடீஸ் வெயிட்டிங் ரூமுக்கு என்ன செஞ்சீங்க?" என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் தமிழில் வரும், ஏனென்றால் ஓட்டு வேண்டும்.

அடுத்தது என்எஸ்எஸ். ஒன்றில்தான் சேர முடியும் என்றால் இதில் சேருங்கள் என்பேன். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஒரு ஏழு நாள் முகாம், முடித்தால் சான்றிதழ், கிரேஸ் மார்க். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். முகாமில் என்ன நடக்கிறது என்பதுதான் நான் சொல்ல வேண்டியது.

முகாம் பெரும்பாலும் விடுமுறையில், பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில் நடக்கும். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு அதன் மேல் போர்வை விரித்துப் படுக்கை. முதல் நாள் ராத்திரி யாரும் தூங்குவதில்லை. காலையில் குழாயடியில் வரிசை, அப்புறம் ஒரு குழு சமையலுக்கு, ஒரு குழு பாதை வெட்ட, ஒரு குழு குளம் தூர்வார, ஒரு குழு வீடு வீடாகச் சர்வேக்கு. நம் தாலுக்காவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். தண்ணீர்தான் இங்கே எல்லாப் பேச்சுக்கும் தொடக்கம். சர்வே படிவம் மலையாளத்தில் இருக்கும். ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து வந்த பெண் படிவத்தைப் பார்த்து, கிணற்றில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று மலையாளத்தில் கேட்பாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாயி, "சித்திரைக்கெல்லாம் அடி தட்டீரும் கண்ணு, அப்பறம் லாரித் தண்ணிதான்" என்பார். அந்தப் பெண் விழிப்பாள். அந்த இடத்தில்தான், வகுப்பில் அதுவரை வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் இருந்த வடகரப்பதிப் பிள்ளை முன்னால் வந்து, ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்து, மாட்டுக்கு என்ன விலை, பெரிய மகன் எங்கே வேலை என்பதிலிருந்து ஆரம்பித்து, படிவத்தில் இல்லாததையும் சேர்த்துக் கேட்டு எழுதிக்கொண்டு வரும். சாயங்காலக் கூட்டத்தில் அன்றைய அறிக்கையை வாசிக்கிறதும் அதே பிள்ளைதான். முகாம் முடிந்து திரும்பும்போது அந்தக் குழுவுக்குத் தலைவி யார் என்று யாரும் அறிவிக்க வேண்டியிருக்காது.

மலையாளம் வராததால் ஒதுக்கிவிடுவார்களா என்ற கேள்விக்கும் இதுதான் என் பதில். நான் பார்த்தவரை ஒதுக்குகிறவர்களைவிட ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். நம் பிள்ளைகள் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம் என்று நான்கைந்து பேராகச் சேர்ந்துகொண்டு, ஒன்றாகவே வந்து, ஒன்றாகவே உட்கார்ந்து, ஒன்றாகவே பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். முதல் செமஸ்டரில் அது ஆறுதல். நாலாவது செமஸ்டரிலும் அப்படியே இருந்தால் மாமன் மகள் சொன்னது பலித்துவிடும். மலையாளம் உங்களுக்குப் பாதி தெரியும், சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்ததுதானே. பேசும்போது தமிழ் கலந்தால் கலக்கட்டும். பாலக்காட்டில் அது யாருக்கும் புதிதில்லை. இந்த மாவட்டத்துப் பொறாட்டு நாடகத்திலேயே பாத்திரங்கள் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசும். சித்தூரே 1949 வரை கொச்சி ராஜ்ஜியத்தின் தனித் துண்டாக இருந்த ஊர், இந்தப் பக்கம் மலபார், அந்தப் பக்கம் கொங்கு என்று எல்லா மொழியும் வந்து போன இடம். சித்தூர் அரசுக் கல்லூரி 1947-இல் தொடங்கியது. அங்கே தமிழ் எம்.ஏ. வரை இருக்கிறது. தமிழ் மாணவர் என்பது இந்தப் பகுதிக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்த விருந்தாளி இல்லை.

கிண்டல் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை நடக்கும். கொங்கு நாட்டுப் படையைத் தேவி விரட்டியடித்த கதையை ஊரே நடித்துக் கொண்டாடும் திருவிழா. அதற்கு மறுநாள் வகுப்பில், "என்ன, இந்த வருஷமும் தோத்துட்டீங்களா?" என்று ஒருத்தராவது கேட்பார்கள். நீங்களும் ஏதாவது திருப்பிச் சொல்லத் தயாராக வையுங்கள்.

இன்னொரு மாற்றம் உங்களுக்குச் சாதகம். 2024 ஜூலை முதல் கேரளத்தில் பட்டப்படிப்பு நான்காண்டுத் திட்டத்துக்கு மாறிவிட்டது. மூன்றாவது ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு போகலாம், நான்காவது ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். இதில் முதல் செமஸ்டர்களில் வேறு துறைப் பாடம் ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். முன்பெல்லாம் பி.காம். பிள்ளைக்கு பி.காம். வராந்தாதான் உலகம். இப்போது கணக்குத் துறை, வரலாற்றுத் துறைப் பிள்ளைகளோடு வாரத்தில் சில மணி நேரம் ஒரே அறையில் உட்கார வேண்டியிருக்கிறது. பாடத்திட்டம் பற்றிப் பேராசிரியர்களுக்கு ஆயிரம் குறை இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் பழக்கவழக்கத்துக்கு இது நல்லதாகவே போய்க்கொண்டிருக்கிறது.

கலைவிழாவுக்கு வருவோம். முதலில் கல்லூரிக்குள் ஆர்ட்ஸ் டே. அதில் தேறியவர்கள் பாலக்காடு மாவட்டக் கல்லூரிகள் எல்லாம் மோதுகிற ஏ ஸோன். அதில் ஜெயித்தவர்கள் பல்கலைக்கழக அளவில் இன்டர்ஸோன். திருவாதிரைக்களி, ஒப்பனா, மார்க்கங்களி ஆகிய ஆட்டங்கள், மைம், குழுப்பாட்டு என்று பட்டியல் நீளம். செலவு பிடிக்கிற உருப்படிகளில் பட்டாம்பி, பாலக்காடு மாதிரிப் பெரிய இடத்துக் கல்லூரிகளோடு நம்மால் போட்டி போட முடியாது. உடை வாடகை, மேக்கப், பயிற்சி ஆசான் என்று பணம் தண்ணீராகப் போகும். யூனியன் நிதி சேர்க்கையின்போது வாங்கிய கட்டணத்தில் இருந்துதான், அதுவும் பிரின்சிபல், ஸ்டாஃப் அட்வைசர் கையெழுத்தெல்லாம் முடிந்து கைக்கு வருவதற்குள் போட்டி முடிந்திருக்கும். நாம் குறி வைக்க வேண்டியது ஆஃப் ஸ்டேஜ் எனப்படும் எழுத்துப் போட்டிகளும், தமிழ்ப் பிரிவுகளும். கேரளப் பள்ளிக் கலோற்சவத்தில் தமிழ்ப் பத்யம் சொல்லல் இருப்பது உங்களுக்கே தெரியும், மேடையேறியும் இருக்கலாம். கல்லூரியிலும் தமிழுக்கென்று போட்டிகள் உண்டு. கட்டுரைக்கும் கவிதைக்கும் ஒரு பேனா போதும், ஆனால் பெயர் கொடுக்க ஆள் இருப்பதில்லை. ஃபைன் ஆர்ட்ஸ் செக்ரட்டரியிடம் போய், தமிழ்ப் போட்டிகளுக்கு யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் காகிதம் காலியாகத்தான் இருக்கும்.

மேடையில்தான் ஏற வேண்டும் என்றால் நம்மிடம் இருப்பதைக் கொண்டு போங்கள். வள்ளிக்கும்மி இப்போது கொங்குப் பக்கம் ஊர் ஊராகப் பயிற்சி நடக்கிறது. உங்கள் ஊரிலேயே கற்றவர்கள் இருப்பார்கள். பத்துப் பிள்ளைகள் ஒரே நிறச் சேலையில் ஆர்ட்ஸ் டேயில் கும்மி அடித்தால் மலையாளப் பிள்ளைகளும் கடைசிப் பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். புள்ளி கிடைக்காது, போட்டிப் பட்டியலில் இருக்காது. கூட்டம் கிடைக்கும்.

ஆண்டு மலர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேரளத்துக் கல்லூரிகளில் இது சம்பிரதாயத்துக்கு அடிக்கிற புத்தகம் இல்லை. ஸ்டூடன்ட் எடிட்டருக்கு யூனியனிலேயே இடம், தலைப்பிலிருந்து அட்டைப்படம் வரை மாணவர்களே முடிவு செய்வார்கள், சில சமயம் அதனால் பெரிய சண்டையும் வரும். நம் பகுதிக் கல்லூரிகளில் அதில் தமிழ்ப் பக்கங்கள் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களை விரித்துப் பார்த்தால் வயிறு எரியும். அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாட்ஸாப்பில் அனுப்பிய கவிதையை அவர் தன் மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிய்ந்துவிடும். 'கொடி' என்று எழுதியது எழுத்துக்குப் பின்னால் கொம்பும், வரி மாறி ஒரு காலுமாக நிற்கும். ப்ரூஃப் பார்க்கிற எடிட்டரும் மலையாளி என்றால் அப்படியே அச்சாகிவிடும். எழுதிய பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் எழுதாது. இதற்கு வழி சுலபம்: தமிழ்ப் பக்கங்களை நீங்களே யூனிகோடில் தட்டி, மலர் அளவுக்குப் பக்கம் அமைத்து, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். அச்சகத்தார் அதைப் படம் மாதிரி அப்படியே வைத்துவிடுவார். கடைசி ப்ரூஃப் அன்று ஒரு தமிழ் தெரிந்த ஆள் நேரில் போக வேண்டும், பக்கம் தலைகீழாகாமல் இருக்க. இதைச் செய்கிற ஒரு பிள்ளை கல்லூரியில் இருந்தால் அந்த வருஷத் தமிழ்ப் பகுதிக்கு அவள்தான் ஆசிரியர், பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தமிழ் மன்றம் உங்கள் கல்லூரியில் இருந்தால் அதில் போய்ச் சேருங்கள். இல்லாவிட்டால் தொடங்கலாம். எல்லையோரத்தில் இருப்பதில் ஒரு லாபம், பொள்ளாச்சியும் கோவையும் பக்கம். எழுத்தாளர்கள், நாட்டுப்புறக் கலைஞர்கள், பேராசிரியர்கள் பலர் பஸ் செலவுக்கே வந்து பேசிவிட்டுப் போவார்கள், கோபாலபுரத்திலோ வேலந்தாவளத்திலோ போய் நின்று அழைத்து வர ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். உள்ளூரிலேயே பேச விஷயம் கிடக்கிறது. பிளாச்சிமடை உங்கள் தாலுக்காவில்தான். 2000-இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை, நிலத்தடி நீருக்காக மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2004-இல் நின்றது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து ஆராய்ச்சி செய்துவிட்டுப் போகிறார்கள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

ஓணம், பொங்கல் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தானாக நடக்கும். ஓண விடுமுறைக்கு முந்தைய நாள் வகுப்புக்கு வகுப்பு பூக்களப் போட்டி, வடம் வலி எனப்படும் கயிறு இழுத்தல், உறியடி, பாயசம். பூ வாங்க வசூல் போடுவார்கள். கோவைப் பூ மார்க்கெட் விலை தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அன்று கிராக்கி. பொங்கலுக்குப் பாலக்காடு உள்பட எல்லையோர மாவட்டங்கள் ஆறுக்குக் கேரள அரசு விடுமுறை விடுகிறது, ஆகவே கல்லூரியில் பொங்கல் வைப்பது முந்தின நாள்.

ராகிங் பற்றி உங்கள் அம்மா கண்டிப்பாகக் கேட்பார். கேரளத்தில் 1998-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்கி மூன்று ஆண்டு வேறெங்கும் சேர்க்கக் கூடாது. பாட்டுப் பாடச் சொல்வார்கள், பெயர் கேட்பார்கள். அதற்கு மேல் போனால் வகுப்பு டியூட்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்று வைக்காதீர்கள்.

இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூ இங்கே எதிர்பார்க்க வேண்டாம். விடுதி இருந்தால் அதிர்ஷ்டம். கேன்டீன் என்றால் டீ, பழம்பொரி, பருப்புவடை. மைதானம் இருக்கும், புல் இருக்காது, கோடையில் கபடி ஆடினால் முழங்கால் போய்விடும். மூன்றாம் ஆண்டு டூர் ஒன்று உண்டு. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலாப் பஸ் விபத்தில் ஒன்பது பேர் இறந்த பிறகு, ராத்திரிப் பயணம் கூடாது, பஸ்ஸின் ஆவணம் காட்ட வேண்டும் என்று கெடுபிடி அதிகம். அது நல்லதுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் பலர் கல்யாணக் கேட்டரிங்குக்குப் பரிமாறப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் இப்போது போகத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கேதான் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளோடு பழக்கமாகிறது.

சேர்ந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று. கல்லூரி அடையாள அட்டையை உடனே வாங்குங்கள். தனியார் பஸ்ஸில் மாணவர் கட்டணத்துக்கு அதைக் காட்ட வேண்டும், குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் ஒரு ரூபாய்தான். கேரள அரசுப் பஸ்ஸான கேஎஸ்ஆர்டிசிக்குத் தனிக் கன்செஷன் கார்டு, ஆன்லைனில் விண்ணப்பித்தால் கல்லூரி ஒப்புதல் கொடுத்த பிறகு கிடைக்கும். எல்லை தாண்டி ஓடுகிற தமிழ்நாட்டுப் பஸ்ஸில் இந்தச் சலுகை செல்லாது, ஏறிவிட்டுக் கண்டக்டரோடு வாதாடாதீர்கள். என்எஸ்எஸ் விண்ணப்பமும் முதல் செமஸ்டரிலேயே வாங்குவார்கள், ஒரு யூனிட்டில் நூறு பேர்தான், நோட்டீஸ் போர்டை அடிக்கடி பாருங்கள்.